நீக்கி நீக்கிச் செய்த இசை: டாக் டாக் குழுவின் ஆல்பங்களும் அவற்றின் வாரிசுகளும்

1982 முதல் 1991 வரை டாக் டாக் என்ற லண்டன் குழு ஐந்து ஆல்பங்களை வெளியிட்டது. மூன்றாவது ஆல்பமான 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' 1986இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 8ஆம் இடம் வரை ஏறியது. நான்காவதான 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' 19ஆம் இடத்தைத் தொட்டு இறங்கியது. ஐந்தாவதான 'லாஃபிங் ஸ்டாக்' 26ஆம் இடத்தோடு நின்றது. ஆனால் இன்றைக்கு இசைக்கலைஞர்கள் இந்தக் குழுவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், நன்றாக விற்றவற்றை விட்டுவிட்டு விற்காத அந்த இரண்டையும்தான் பேசுகிறார்கள். ராக் இசையின் ஒரு முழுக் கிளையே அந்த இரண்டிலிருந்து முளைத்தது என்று சொல்பவர்கள் உண்டு. குறைவாக விற்றவை எப்படி இவ்வளவு தூரம் பரவின?

வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஒன்று இருக்கிறது. பாப் பாடல்கள் பாடிப் பேர் வாங்கிய ஒரு குழு திடீரென்று சந்தையைத் தூக்கியெறிந்தது, இருட்டறைக்குள் புகுந்தது, எதிர்கால இசையோடு வெளியே வந்தது, நிறுவனம் அதைத் தண்டித்தது என்று அந்தக் கதை போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஐந்து ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்டால் இதில் பாதிக்கு மேல் நிற்காது. திடீர் முறிவு எங்கும் இல்லை. இருட்டறையும் காரணம் அல்ல. பின்னால் வந்தவர்கள் இந்தக் குழுவிடமிருந்து எடுத்துக்கொண்டது எது, எடுத்துக்கொள்ள முடியாமல் போனது எது என்று பிரித்துப் பார்த்தால்தான் அதன் செல்வாக்கு எத்தகையது என்பது விளங்கும்.

குழுவின் பாடகர் மார்க் ஹாலிஸ் 1955இல் லண்டனின் டாட்டன்ஹாமில் பிறந்தவர். அவருடைய அண்ணன் எட் ஹாலிஸ், எடி அண்ட் தி ஹாட் ராட்ஸ் குழுவின் மேலாளர். பங்க் அலை அடித்துக்கொண்டிருந்த 1977இல் தம்பி 'தி ரியாக்‌ஷன்' என்ற குழுவில் பாடினார். அந்தக் குழுவின் ஒரு பாடல் பிறகு டாக் டாக்கின் முதல் ஆல்பத்தில் புது உருவில் வந்தது. டிரம்ஸில் லீ ஹாரிஸ், பேஸ் கிதாரில் பால் வெப், சிந்தசைசரில் சைமன் பிரென்னர் என்று 1981இல் குழு அமைந்தது. ஈ.எம்.ஐ. நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. அதே நிறுவனத்தில் டுரான் டுரான் கொடிகட்டிப் பறந்த காலம் அது. டாக் டாக்கின் முதல் ஆல்பமான 'தி பார்ட்டிஸ் ஓவர்' (1982) டுரான் டுரானின் தயாரிப்பாளர் காலின் தர்ஸ்டனிடமே ஒப்படைக்கப்பட்டது. அவர்களின் கச்சேரிகளுக்கு முன் ஏறிப் பாடும் வேலையும் இவர்களுக்கே வந்தது. பெயரிலும்கூட ஒரே சொல் இரண்டு முறை. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஆல்பத்தை இன்று கேட்டால் அது அந்தக் காலத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. குரல் மட்டும் தனியாக நிற்கிறது.

1983இல் பிரென்னர் விலகினார். அவர் இடத்துக்கு வந்த டிம் ஃப்ரீஸ்-கிரீன்தான் கதையின் இரண்டாவது தூண். புகைப்படங்களில் அவர் இருக்க மாட்டார், குழுவின் உறுப்பினர் என்றும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் 1984இன் 'இட்ஸ் மை லைஃப்' தொடங்கிக் கடைசி ஆல்பம் வரை தயாரிப்பு அவருடையது, பெரும்பாலான பாடல்களில் இசையமைப்புப் பங்கும் அவருடையது. அதற்கு முன் 1982இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்ற கொண்டாட்டப் பாடலைத் தயாரித்தவர் அவர். அப்படியொருவர் ஆறே ஆண்டுகளில் 'ஸ்பிரிட் ஆஃப் ஈட'னுக்கு வந்து சேர்ந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்பாகத்தான் இருக்கிறது. ஹாலிஸ் ஒருவரையே மேதையாக்கி எழுதும் கட்டுரைகள் இவரைச் சிறுகுறிப்பாக ஒதுக்கிவிடுகின்றன. அது அநீதி.

'இட்ஸ் மை லைஃப்' ஆல்பத்தின் தலைப்புப் பாடல் 1984இல் பிரிட்டனில் 46ஆம் இடத்தைத்தான் எட்டியது. இத்தாலியிலும் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் குழுவுக்குப் பெரும் கூட்டம் சேர்ந்தது. அந்தப் பாடலின் வீடியோவில் ஹாலிஸ் வாயைத் திறக்காமல் மிருகக்காட்சிச் சாலையில் நிற்பார், திரை முழுக்க விலங்குகள் ஓடும். பாடுவதுபோல் உதடசைக்கச் சொல்லும் வழக்கத்துக்கு அது அவர் காட்டிய எதிர்ப்பு. முறிவு 1988இல் வந்தது என்பவர்கள் இந்த வீடியோவைப் பார்க்க வேண்டும். முரண்டு முதலிலேயே இருந்தது.

இதைவிட வலுவான சான்று சிந்தசைசர். அந்தக் கருவி தனக்குப் பிடிக்காது என்றும், வாத்தியக்காரர்களை அமர்த்தக் காசில்லாததால்தான் பயன்படுத்தியதாகவும் ஹாலிஸ் வெளிப்படையாகச் சொன்னவர். காசு வந்ததும் என்ன செய்தார் என்பதற்கு 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' சாட்சி. ஸ்டீவ் வின்வுட் ஆர்கன் வாசித்தார். டேனி தாம்ஸன் டபுள் பேஸ், டேவிட் ரோட்ஸும் ராபி மெக்கின்டாஷும் கிதார், மார்க் ஃபெல்தம் ஹார்மோனிகா. 'லைஃப்ஸ் வாட் யூ மேக் இட்' என்ற வெற்றிப் பாட்டு அதில்தான் இருக்கிறது. ஆனால் அதே ஆல்பத்தில் 'ஏப்ரல் 5த்', 'கமீலியன் டே' என்று இரண்டு பாடல்கள் உண்டு. தாளம் பின்வாங்கி, குரல் கிட்டத்தட்ட வெற்றிடத்தில் நிற்கும். 'லைஃப்ஸ் வாட் யூ மேக் இட்' தட்டின் மறுபக்கத்தில் வந்த 'இட்ஸ் கெட்டிங் லேட் இன் தி ஈவினிங்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. 'ஸ்பிரிட் ஆஃப் ஈட'னின் மெதுநடை முழுவதும் அதில் இருக்கிறது, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே. பலருக்குத் தெரியாத இந்த மறுபக்கப் பாடல்தான் என் கருத்தில் குழுவின் உண்மையான திருப்புமுனை.

1986ஆம் ஆண்டு இசைப்பயணத்துக்குப் பிறகு டாக் டாக் மேடை ஏறவில்லை. அதே ஆண்டின் வெற்றி இன்னொன்றையும் கொடுத்தது: அடுத்த ஆல்பத்துக்கு ஈ.எம்.ஐ. வரம்பில்லாத செலவுக்கு ஒப்புக்கொண்டது. நிறுவனத்துக்காரர்களும் மேலாளர் கீத் ஆஸ்ப்டெனும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் வரக் கூடாது என்பது நிபந்தனை. 1987இல் வட லண்டன் ஹைபரியில் இருந்த வெஸெக்ஸ் ஸ்டுடியோவில் வேலை தொடங்கியது. ஒரு காலத்தில் தேவாலயத்தோடு சேர்ந்த மண்டபமாக இருந்த இடம். கிங் கிரிம்சனின் முதல் ஆல்பமும் கிளாஷ் குழுவின் 'லண்டன் காலிங்'கும் பதிவான இடமும் இதுவே. ஒலிப்பதிவாளர் பில் பிரவுன். 1960களின் கடைசியில் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் நாடா ஓட்டும் உதவியாளராகத் தொழில் கற்றவர்.

அந்தக் கூடத்தில் நடந்ததைப் பிரவுன் பிறகு தன் நினைவு நூலில் எழுதினார். சன்னல்கள் அடைக்கப்பட்டன. விளக்குக்குப் பதில் கூரையில் எண்ணெய் வண்ணம் நெளியும் புரொஜக்டரும், விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கும். நாள்தோறும் பல மணி நேரம், மாதக்கணக்கில் இப்படியே. வெளியிலிருந்து வரும் வாத்தியக்காரருக்குப் பாட்டு இன்னதென்று சொல்ல மாட்டார்கள். ஓடும் நாடாவின் மேல் தோன்றியதை வாசிக்கச் சொல்வார்கள். அவர் ஒரு மணி நேரம் வாசித்தால் அதில் சில நொடிகள் தேறலாம், எதுவுமே தேறாமலும் போகலாம். தேறியதை எடுத்துப் பாட்டில் வேறோர் இடத்தில் பொருத்துவார்கள். வயலின் கலைஞர் நைஜல் கென்னடி, டிரம்பெட் வாசிக்கும் ஹென்றி லோதர், தானே வடிவமைத்த மின்கருவிகளோடு வந்த ஹ்யூ டேவிஸ் எல்லாரும் இந்த வழியில் வந்து போனவர்கள்.

இருட்டு அறையும் ஸ்ட்ரோப் விளக்கும் கதை சொல்ல வசதியானவை, அதனால்தான் எல்லாரும் அவற்றையே சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மைக் வைத்த தூரம். 1980களின் பாப் ஒலிப்பதிவில் டிரம்ஸின் ஒவ்வொரு துண்டுக்கும் தனி மைக் ஒட்டினாற்போல் வைப்பார்கள், பிறகு செயற்கை எதிரொலி சேர்ப்பார்கள். பிரவுன் மைக்கை வெகுதூரம் தள்ளி வைத்தார். டிரம்ஸோடு சேர்ந்து அந்த அறையின் காற்றும் நாடாவில் ஏறியது. லீ ஹாரிஸ் அடிக்கும் ஒரு சிம்பல் தட்டு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது காதுக்குத் தெரியும். 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' கேட்கும்போது நாம் ஓர் இடத்துக்குள் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

1988 செப்டம்பரில் வெளிவந்த அந்த ஆல்பத்தில் ஆறு பாடல்கள். முதல் பக்கத்தின் மூன்றும் இடைவெளியின்றி ஒன்றாக ஓடுபவை. டிரம்பெட்டும் நரம்பிசையும் எங்கோ தூரத்தில் எழுந்து அடங்க, ஹார்மோனிகா கிழித்துக்கொண்டு நுழைய, 'டிசையர்' பாடலில் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். இரண்டாம் பக்கத்தின் 'ஐ பிலீவ் இன் யூ' ஹெராயின் பழக்கத்தைப் பற்றியது. செம்ஸ்ஃபர்ட் பேராலயப் பாடகர் குழு அதில் பாடுகிறது. போதைக்கு ஆளான ஒருவரைப் பார்த்துப் பாடும் பாட்டில் குற்றஞ்சாட்டும் தொனி துளியும் இல்லை, பரிவு மட்டும்தான். ராக் இசையில் இந்தப் பொருளைப் பற்றி இவ்வளவு கண்ணியமாகப் பாடியதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இனி வழக்கு. ஆல்பம் போதிய வணிகத்தன்மையோடு இல்லை என்று ஈ.எம்.ஐ. குழுவின்மேல் வழக்குப் போட்டது என்பதாகக் கதை உலவுகிறது. நடந்தது இதைவிடச் சாதாரணமானது. ஒப்பந்தத்தை நீட்டிக்கும் உரிமையை நிறுவனம் எந்தத் தேதிக்குள் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பதே தகராறு. ஆல்பம் முடிந்ததாகக் குழு தெரிவித்த நாளிலிருந்து கெடு எண்ணப்பட வேண்டும், அது கடந்துவிட்டது, ஆகவே தாங்கள் விடுபட்டோம் என்பது டாக் டாக்கின் வாதம். அந்தத் தேதியில் பதிவுகள் வணிக அளவில் திருப்தி தரும் நிலையில் இல்லை, ஆகவே கெடு அப்போது தொடங்கவே இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். முதல் தீர்ப்பு நிறுவனத்துக்குச் சாதகமாக வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிக் குழுவை விடுவித்தது. அதன்பின் ஈ.எம்.ஐ. பழைய பாடல்களைத் தொகுத்து 1990இல் வெளியிட்ட 'நேச்சுரல் ஹிஸ்டரி' நன்றாக விற்றது. மறுபடி வெளியிட்ட 'இட்ஸ் மை லைஃப்' பாடல் 13ஆம் இடத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு குழுவின் ஒப்புதல் இல்லாமல் பாடல்களை நடனத் தாளத்துக்கு மாற்றி ஒரு ரீமிக்ஸ் ஆல்பமும் வந்தது. குழு நீதிமன்றம் போனது, ஆல்பம் திரும்பப் பெறப்பட்டது.

பாலிடார் நிறுவனம் ஜாஸ் இசைக்குப் பேர்போன வெர்வ் முத்திரையின் கீழ் இவர்களை எடுத்துக்கொண்டது. பால் வெப் விலகிவிட்டார். 1990 செப்டம்பரில் அதே வெஸெக்ஸ், அதே பிரவுன், அதே இருட்டு. இம்முறை கடிகாரங்களும் அகற்றப்பட்டன. ஏறத்தாழ 50 பேர் வந்து வாசித்தார்கள், உறையில் பெயர் இடம்பெற்றவர்கள் 18 பேர். பதிவானதில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. 1991 செப்டம்பர் 16இல் 'லாஃபிங் ஸ்டாக்' வெளிவந்தபோது, நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' கடைக்கு வர ஒரு வாரம்தான் இருந்தது.

முதல் பாடலான 'மிர்மேன்' கிதார் ஆம்ப்ளிஃபயரின் மெல்லிய இரைச்சலோடு தொடங்குகிறது. கைதேர்ந்த எந்த ஒலிப்பதிவாளரும் வெட்டியெறியும் பகுதி அது. இங்கே வைத்திருக்கிறார்கள். 'அஸென்ஷன் டே' உச்சத்துக்கு ஏறிக்கொண்டே போய் நாடாவைக் கத்தரித்தாற்போல் நின்றுவிடும். 'ஆஃப்டர் தி ஃப்ளட்' பாடலின் நடுவில் வரும் தனி வாசிப்பில் ஒரே ஒரு சுரம்தான். ஒரு நிமிடத்துக்கும் மேல் அது கரகரத்து இழுபடும், மற்ற வாத்தியங்கள் அதைச் சுற்றி நகரும். விரல் வேகத்தைக் காட்டுவதுதான் ராக் இசையின் தனி வாசிப்பு என்றிருந்த காலத்தில் இப்படி ஒன்றை வைக்க நெஞ்சுரம் வேண்டும். இரண்டு சுரம் வாசிக்குமுன் ஒரு சுரத்தை வாசிக்கக் கற்க வேண்டும், அந்த ஒன்றையும் காரணமில்லாமல் வாசிக்கக் கூடாது என்பது ஹாலிஸ் பேட்டிகளில் சொன்ன கொள்கை. அதைச் சொன்னவர்கள் பலர், நாற்பத்து மூன்று நிமிடம் அதன்படி நின்று காட்டியவர்கள் சிலரே. 'நியூ கிராஸ்' பாடலில் லீ ஹாரிஸ் ஏறக்குறைய பத்து நிமிடம் ஒரே தாளக்கட்டைப் பிடித்துக்கொண்டு போகிறார். அதன்மேல் கிதாரும் ஆர்கனும் வந்து வந்து ஒதுங்குகின்றன. ஐந்து ஆல்பங்களிலும் எனக்கு மிக நெருக்கமான பாடல் இது.

இந்த முறை வானத்திலிருந்து விழுந்ததல்ல. மைல்ஸ் டேவிஸ் வாசித்த நீண்ட பதிவுகளை வெட்டி ஒட்டி 1969இல் 'இன் எ சைலன்ட் வே' ஆல்பத்தை உருவாக்கியவர் தயாரிப்பாளர் டியோ மாசெரோ. ஜெர்மனியின் கேன் குழுவில் ஹோல்கர் சூகை இதையே தன் நாடாக் கருவியில் செய்தார், 'டாகோ மாகோ' அப்படிப் பிறந்தது. ஹாலிஸ் 'டாகோ மாகோ'வையும், மைல்ஸும் கில் எவன்ஸும் சேர்ந்து செய்தவற்றையும், டெபுஸியையும் சாட்டியையும் திரும்பத் திரும்பப் புகழ்ந்தவர். டாக் டாக்கின் புதுமை எங்கே என்றால், மைல்ஸும் கேனும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்ததை வெட்டினார்கள். இவர்கள் ஒருவரை ஒருவர் சந்திக்காமலே வாசித்த துண்டுகளைக் கோத்து, ஒரே அறையில் ஒரே இரவில் எல்லாரும் கூடி வாசித்தது என்று நம்பும்படி செய்தார்கள்.

செல்வாக்குக்கு வருவோம். 1994இல் விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ், லண்டனின் பார்க் சைக்கோஸிஸ் குழுவின் 'ஹெக்ஸ்' ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது போஸ்ட்-ராக் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 'ஹெக்ஸ்' டாக் டாக்கின் நேரடி வாரிசு, இதில் ஐயமில்லை. அந்தக் குழுவின் 2004ஆம் ஆண்டு ஆல்பத்தில் லீ ஹாரிஸே டிரம்ஸ் வாசித்தார். ஆனால் போஸ்ட்-ராக் முழுவதற்கும் டாக் டாக்கைத் தந்தையாக்குவது மிகை. 1991 மார்ச்சில் அமெரிக்காவின் லூயிவில் நகரத்து ஸ்லின்ட் குழு 'ஸ்பைடர்லேண்ட்' வெளியிட்டது. தணிந்து பேசிப் பிறகு வெடிக்கும் கிதார் இசையாகப் பின்னாளில் அந்தப் பெயரில் அறியப்பட்ட பலவற்றுக்கு அதுதான் மூலம். டாக் டாக்கின் தணிவும் வெடிப்பும் வேறு வகை. அங்கே வெடிப்பு குறைவு, வெடித்த பிறகு விடப்படும் இடம் அதிகம்.

வகைப் பெயருக்கு வெளியேதான் உண்மையான வாரிசுகளைத் தேட வேண்டும். எல்போ குழுவின் கை கார்வி, போர்க்குபைன் ட்ரீயின் ஸ்டீவன் வில்சன் இருவரும் தங்கள் கடனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர்கள். எல்போவின் இசை போஸ்ட்-ராக் அல்ல, அரங்கம் நிறைய மக்கள் சேர்ந்து பாடும் இசை. ஆனால் அவர்களின் ஏற்பாட்டில் ஒவ்வொரு வாத்தியமும் காத்திருந்து நுழைகிறது. இன்னொரு கோடு குழுவின் ஆட்கள் வழியே போகிறது. வெப்பும் ஹாரிஸும் 1990களில் ஓ.ராங் என்ற பெயரில் இரண்டு ஆல்பங்கள் செய்தார்கள். போர்ட்டிஸ்ஹெட் பாடகி பெத் கிப்பன்ஸ் அதில் பாடினார். அவரும் வெப்பும் சேர்ந்து 2002இல் 'அவுட் ஆஃப் சீசன்' வெளியிட்டார்கள். கிப்பன்ஸின் 2024ஆம் ஆண்டு ஆல்பமான 'லைவ்ஸ் அவுட்குரோன்' லீ ஹாரிஸின் கைபட்டது. தோலின் அதிர்வும் மரத்தின் ஒலியும் நிறைந்த அந்தத் தாளங்களைக் கேட்டால் வெஸெக்ஸ் அறையின் பாடம் 30 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடிருப்பது தெரியும். பாப் பக்கமும் மறக்கப்படவில்லை: 2003இல் நோ டவுட் குழு பாடிய 'இட்ஸ் மை லைஃப்' அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்தது.

இவ்வளவு வாரிசுகள் இருந்தும், டாக் டாக்கைப் போன்ற ஒலி பலரிடம் கிடைக்கிறது, டாக் டாக்கின் முறை யாரிடமும் கிடைப்பதில்லை. மெதுநடையை எடுத்துக்கொள்ளலாம், இடைவெளி விடலாம், மங்கிய டிரம்பெட்டைத் தூரத்தில் வைக்கலாம். ஓராண்டு முழுக்கப் பதிவு செய்து பெரும்பகுதியை எறிந்துவிடுவது வேறு. அதற்குப் பணம் வேண்டும், அந்தப் பணம் 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' சம்பாதித்தது. 1980களில் இசைத்தட்டு விற்பனையில் கொழித்த ஒரு பெருநிறுவனம் கணக்குக் கேட்காமல் கூடத்தின் வாடகையைக் கட்டியது. நிறுவனம் கலையைப் புரிந்துகொள்ளவில்லை என்று வைபவர்கள், அந்தக் கலைக்குச் செலவழித்ததும் அதே நிறுவனம்தான் என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள். இன்று கணினியில் வெட்டி ஒட்டுவது யாருக்கும் கைகூடும். ஆனால் நல்ல அறையும் 50 வாத்தியக்காரர்களும் கெடு இல்லாத காலமும் எந்த இளம் குழுவுக்கும் வாய்ப்பதில்லை.

ஹாலிஸ் 1998இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து ஒரே ஒரு தனி ஆல்பம் வெளியிட்டார். மின்கருவிகள் இல்லை. கிளாரினெட், பஸூன், புல்லாங்குழல், பியானோ. அறையில் வைத்த இரண்டு மைக்குகளைச் சுற்றி ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இடம் வகுத்துப் பதிவு செய்தார்கள். முதல் உலகப் போரில் இறந்த ரோலண்ட் லெய்ட்டன் என்ற இளைஞரை நினைத்து எட்டு நிமிடப் பாடல் ஒன்று அதில் இருக்கிறது. பிறகு குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று இசைத்தொழிலை விட்டு விலகினார், 2019 பிப்ரவரியில் 64ஆம் வயதில் இறந்தார். அந்த இருபது ஆண்டு விலகலைப் புனிதமாக்கி எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. செய்ய வேண்டியதைச் செய்து முடித்த ஒரு மனிதர் வீட்டுக்குப் போனார், அவ்வளவுதான். ஆராதிக்க வேண்டியது அவர் செய்த இசையை.

என் மதிப்பீட்டில் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' நெஞ்சை அதிகம் தொடுவது, 'லாஃபிங் ஸ்டாக்' அதைவிடத் துணிந்தது, 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' இல்லாமல் இரண்டும் இல்லை. புதிதாகக் கேட்க வருபவர்கள் நேராகக் கடைசி ஆல்பத்தில் குதிக்க வேண்டாம். 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்'கில் தொடங்குங்கள், 'இட்ஸ் கெட்டிங் லேட் இன் தி ஈவினிங்' பாடலைத் தேடிப் பிடித்து நடுவில் கேளுங்கள், பிறகு மற்ற இரண்டுக்கும் போங்கள். பாடல்களைப் பிரித்து, வரிசை மாற்றி ஓடவிடாமல் ஒவ்வொரு ஆல்பத்தையும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேளுங்கள். அவை அப்படிக் கேட்பதற்காகவே கோக்கப்பட்டவை.